புளித்த மண்ணும் பக்குவப்பட்ட கழிவும்

நுழையும்முன்

உவர்நிலம் வெண்மையாகப் பூத்துத் தன் குறையைத் தானே காட்டிவிடும். களர்நிலத்தில் நீர் இறங்காமல் தேங்கி நிற்கும். அமிலமண்ணோ பார்வைக்கு நல்ல மண்ணாகவே இருந்து, விளைச்சலில் மட்டும் தன் நோயைக் காட்டும். அந்நோயின் தன்மையையும், ஆலையும் அடுப்பும் ஒதுக்கித் தள்ளும் பொருள்கள் அதற்கு மருந்தாகும் முறையையும், அம்மருந்தே நஞ்சாக மாறும் இடத்தையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

குன்றிலிருந்து பார்த்தால்

சென்னை – விழுப்புரம் நெடுஞ்சாலையில் உள்ள கூட்டேரிப்பட்டிலிருந்து கிழக்கே பிரியும் சாலையில் சிறிது தொலைவு சென்றால் மயிலம் முருகன் கோயில் அமைந்த குன்று தென்படும். குன்றின்மேல் நின்று நோக்குவோர்க்குச் சுற்றிலும் உள்ள நிலம் ஒன்றுபோலவே தோன்றும். மண்ணியல் நோக்கில் அது ஒன்றன்று. ஏரிகளின்கீழ் நெல்லும் கரும்பும் விளையும் நன்செய்கள் உள்ளன. மேட்டுப் பகுதிகளில் மழையை நம்பி நிலக்கடலையும் உளுந்தும் விதைக்கப்படும் செம்மண் புன்செய்கள் உள்ளன. கிழக்கே மரக்காணத்தை நெருங்கும்போது உப்பளங்களும் உவர்நிலமும் எதிர்ப்படுகின்றன.

தெற்கே, சங்கராபரணி ஆற்றங்கரையில் உள்ள திருவக்கரையில் கல்லாகச் சமைந்த மரங்கள் கிடக்கின்றன. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை எனக் கணிக்கப்படும் அம்மரங்களைப் பொதிந்து வைத்திருப்பது கடலூர் மணற்கல் என்னும் பாறை அடுக்கு ஆகும். புதுச்சேரியை ஒட்டிய செம்மண் மேடுகளுக்கு அடித்தளமும் அதுவே. மணற்கல் சிதைந்து உருவான மண்ணில் மணல் மிகுதி, களி குறைவு. பெய்யும் மழைநீர் அதனூடே விரைந்து இறங்கும்போது கால்சியம், மெக்னீசியம் முதலிய காரத் தன்மையுள்ள சத்துகளைக் கரைத்து எடுத்துச் செல்கிறது. இரும்பின் ஆக்சைடு கரையாமல் தங்கி மண்ணுக்குச் செந்நிறம் தருகிறது. செந்நிறமே அமிலத்தின் அடையாளம் என்று கொள்ளுதல் பிழை. ஒரே ஊரின் செம்மண்ணில் ஒரு வயல் நடுநிலையை ஒட்டியும் மற்றொரு வயல் சற்றே அமிலத்தன்மையோடும் இருக்கக்கூடும். நிறம் பார்த்து மருந்து சொல்ல இயலாது.

களர், உவர் என்பன பழந்தமிழ்ச் சொற்கள். கல்லாதவர்க்குக் களர்நிலம் உவமையாகும் அளவுக்குத் திருக்குறள் காலத்திலேயே அது மக்கள் அறிந்த நிலமாக இருந்தது. அமிலமண் என்பதோ அறிவியலின் தேவைக்காக நாம் அண்மையில் ஆக்கிக்கொண்ட சொல். கண்ணால் காணக்கூடிய குறைக்கு மக்கள் பெயரிட்டனர். காண இயலாத குறை கருவி வரும்வரை காத்திருந்தது.

புளிப்பு எவ்வாறு சேர்கிறது?

மண்ணின் அமிலநிலையைப் பி.எச். என்னும் குறியீட்டால் அளக்கிறோம். 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இவ்வளவுகோலில் ஒரு படி இறங்குவது சிறு மாற்றம் அன்று. 6 என்னும் நிலையிலிருந்து 5 என்னும் நிலைக்கு வரும் மண்ணின் அமிலத்தன்மை பத்து மடங்கு மிகுகிறது. 5.5-க்குக் கீழே செல்லும்போது களித்துகள்களில் கட்டுண்டு கிடந்த அலுமினியம் கரைந்து வெளிப்படுகிறது. அது வேர்நுனிகளைத் தாக்குவதால் வேர்கள் தடித்துக் குட்டையாகி, ஆழம் செல்லாமல் நின்றுவிடுகின்றன. ஆழத்தில் ஈரம் இருந்தும் பயிர் வாடும்.

> தெரிந்து தெளிவோம்
> பி.எச். அளவுகோலை 1909-ஆம் ஆண்டு உருவாக்கியவர் டென்மார்க் நாட்டு வேதியியலாளர் சோரன்சன். அவர் பணியாற்றியது கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில். மதுவடிக்கும் நிறுவனம் ஒன்று நிறுவிய ஆய்வகம் அது. நொதித்தலை ஆராய்ந்த இடத்தில் தோன்றிய அளவுகோல் இன்று உழவரின் மண்வள அட்டையில் முதன்மையான இடத்தைப் பெற்றுள்ளது.

மழை மட்டுமே காரணம் அன்று. அறுவடையில் வயலை விட்டு வெளியேறும் ஒவ்வொரு சுமையும் காரச் சத்துகளை உடன்கொண்டு செல்கிறது. அம்மோனியம் கலந்த உரங்கள் மண்ணில் நைட்ரேட்டாக மாறும்போது அமிலத்தை உண்டாக்குகின்றன. 100 கிலோ அம்மோனியம் சல்பேட்டால் உண்டாகும் அமிலத்தைச் சமன்செய்ய ஏறத்தாழ 110 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். 100 கிலோ யூரியாவுக்கு ஏறத்தாழ 80 கிலோ வேண்டும். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1856-ஆம் ஆண்டு தொடங்கி இன்றளவும் நடைபெறும் புல்வெளி ஆய்வில், அம்மோனியம் சல்பேட்டு மட்டும் தொடர்ந்து பெற்ற பகுதிகள் கடும் அமிலநிலையை அடைந்தன. நம் நாட்டில் ராஞ்சியில் நடைபெற்ற நீண்டகால உர ஆய்வுகளும் இதையே காட்டின. தழைச்சத்தை மட்டும் பெற்ற வயலின் விளைச்சல் ஆண்டுக்காண்டு சரிந்தது. தொழுவுரமோ சுண்ணாம்போ சேர்த்துப் பெற்ற வயல் தாக்குப்பிடித்தது.

உழவர் அகப்பட்டுக்கொள்ளும் சுழல் இங்குதான் உள்ளது. அமிலமண்ணில் மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பற்றிக்கொள்கின்றன. கடன் வாங்கி இட்ட உரம் மண்ணில் இருந்தும் பயிருக்குக் கிட்டுவதில்லை. பயிர் வெளிறுகிறது. வெளிறிய பயிரைக் கண்டு மேலும் யூரியா இடுகிறார். அதனால் மண் மேலும் புளிக்கிறது.

இந்தியாவில் ஏறத்தாழ 4.9 கோடி ஹெக்டேர் நிலம் அமிலமண் என மதிப்பிடப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் நீலகிரி, கொடைக்கானல் மலைப்பகுதிகளிலும் கன்னியாகுமரி மாவட்டத்தின் மழை மிகுந்த பகுதிகளிலும் இது கடுமையாக உள்ளது. தேயிலைக்கு அது குறையன்று, 4.5 முதல் 5.5 வரையிலான நிலையே அதற்கு உகந்தது. அம்மலைகளின் முட்டைக்கோசுக்கோ அமிலமண்ணில் வேர்முடிச்சு நோய் வந்து சேர்கிறது. ஆகவே அமிலமண் என்பது பயிரைப் பொறுத்தே நோயாகிறது.

நிலக்கடலையும் கால்சியமும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் மல்லாட்டை என வழங்கும் நிலக்கடலைக்கு இது நோயே. திண்டிவனத்தில் உள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் நாடறிந்தது. அங்கிருந்து 1940-இல் வெளிவந்த டி.எம்.வி. 2 என்னும் நிலக்கடலை வகை மாநில எல்லைகளைக் கடந்து பரவியது. பெயரில் உள்ள மூன்று எழுத்துகளும் திண்டிவனத்தைக் குறிப்பனவே. நல்ல விதை இருந்தும், மண்ணில் கால்சியம் குறைந்தால் நிலக்கடலை பொய்த்துவிடும்.

பிற பயிர்கள் வேரால் உறிஞ்சிய கால்சியத்தைக் காய்க்கு அனுப்புகின்றன. நிலக்கடலையின் காய் மண்ணுக்குள் இருப்பதால் அதிலிருந்து நீர் ஆவியாவதில்லை. நீரோட்டம் இல்லாத இடத்துக்கு வேரிலிருந்து கால்சியம் சென்று சேர்வதும் இல்லை. ஆகவே, மண்ணுக்குள் இறங்கிய விழுதும் காயும் தம்மைச் சூழ்ந்த மண்ணிலிருந்து கால்சியத்தை நேரடியாக உறிஞ்சிக்கொள்கின்றன. காய் உருவாகும் மேல்மண்ணில் அச்சத்து இல்லையெனில் ஓடு பெருக்கும், பருப்பு இராது. பொக்குக் காய் என்பது இதுவே. செடி பசுமையாக இருந்ததை நம்பிக் காத்திருந்த உழவர், கொடியைப் பிடுங்கி உதறும் நாளில்தான் இழப்பை அறிகிறார்.

அமிலமண் இன்னொரு வகையிலும் தீங்கு செய்கிறது. வேர்முடிச்சுகளில் வாழ்ந்து காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் ரைசோபியம் நுண்ணுயிர்கள் புளித்த மண்ணில் பெருகுவதில்லை. அவற்றுக்கு வேண்டிய மாலிப்டினமும் அங்குக் கிடைப்பது அரிது.

தமிழ்நாட்டில் நிலக்கடலைக்கு ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்குமாறு பரிந்துரைக்கப்படுகிறது. ஜிப்சம் கால்சியத்தையும் கந்தகத்தையும் தருமேயன்றி மண்ணின் புளிப்பை முறிக்காது. உழவர்களிடையே இவ்வேறுபாடு போதிய அளவு எடுத்துச் சொல்லப்படவில்லை. புளிப்பை முறிக்க வேண்டுமாயின் கார்பனேட்டோ ஆக்சைடோ ஹைட்ராக்சைடோ வேண்டும்; அதாவது சுண்ணாம்பு வேண்டும். அதை விலைகொடுத்துத்தான் வாங்க வேண்டுமா என்பதே அடுத்த வினா.

கழிவில் உறங்கும் சுண்ணாம்பு

நம் முன்னோர் இவ்வினாவுக்கு விடை வைத்திருந்தனர். அடுப்புச் சாம்பலை எருக்குழியில் கொட்டினர்; கோடையில் ஏரி வண்டலை வண்டியில் ஏற்றி மேட்டு நிலத்தில் பரப்பினர்; ஆட்டுக்கிடை போட்டனர். விறகுச் சாம்பலில் கால்சியமும் சாம்பல் சத்தும் உண்டு. அதன் காரத்தன்மை புளிப்பைக் குறைக்கும். அரிசி ஆலைகளின் உமிச்சாம்பல் அவ்வாறன்று. அது பெரும்பாலும் சிலிக்காவே. சுண்ணாம்பின் வேலையை அதனிடம் எதிர்பார்க்கலாகாது. கேரளத்தின் குட்டநாட்டில் கரிநிலம் எனப்படும் கடும் அமிலமண்ணில் நெல் விளைவிப்போர் நீண்ட காலமாகக் கிளிஞ்சல் சுண்ணாம்பை இட்டு வருகின்றனர்.

ஆலைகள் பெருகியபின் கழிவின் அளவும் வகையும் பெருகின. ஐரோப்பாவில் 1878-ஆம் ஆண்டு சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ் கண்டறிந்த முறையில் எஃகு உருக்கியபோது, சுண்ணாம்பும் மணிச்சத்தும் செறிந்த கசடு மலைபோல் குவிந்தது. அதைப் பொடித்து வயலில் இட்டனர்; தாமஸ் கசடு என்ற பெயரில் அது உரமாகவே விற்பனையாயிற்று. காகித ஆலைகளில் மரக்கூழ் வேகவைக்கும் காரநீரைப் புதுப்பிக்கும்போது கால்சியம் கார்பனேட்டுக் கசடு படிகிறது. வேதியியல் நோக்கில் இது சுண்ணாம்புக்கல்லே. மிக நுண்ணிய தூளாக இருப்பதால் மண்ணில் விரைந்து வினைபுரியும். ஒடிசாவின் அமிலச் செம்மண்ணில் இக்கசடு நிலக்கடலை, துவரை முதலிய பயிர்களுக்கு இட்டு ஆராயப்பட்டு, பயனுடையது எனக் கண்டறியப்பட்டுள்ளது. கரூர் மாவட்டம் புகழூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் மற்றும் காகித நிறுவனமோ தன் சுண்ணாம்புக் கசடைச் சிமென்ட் ஆக்குகிறது. கழிவுக்கு ஒரே வழிதான் உண்டு என்பதில்லை.

மயிலத்துக்கு அண்மையில் இருப்பது முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை. நூறு டன் கரும்பைப் பிழிந்தால் மூன்று முதல் நான்கு டன் ஆலைச்சேறு எஞ்சும். உழவர்கள் அதைப் பிரஸ்மட் என்றே வழங்குகின்றனர். எல்லாப் பிரஸ்மட்டும் ஒன்றல்ல என்பதை இங்கு அறிதல் வேண்டும். சாற்றைச் சுண்ணாம்பும் கரியமில வாயுவும் கொண்டு தெளியவைக்கும் ஆலைகளின் சேற்றில் கால்சியம் கார்பனேட்டு நிறைந்திருக்கும். அது அமிலமண்ணுக்கு நேரடி மருந்து. கந்தக முறையில் தெளியவைக்கும் ஆலைகளே இந்தியாவில் மிகுதி. அவற்றின் சேற்றில் கரும்பின் நார், மெழுகு, மணிச்சத்து, ஓரளவு கால்சியம் ஆகியன இருக்கும்; புளிப்பை முறிக்கும் ஆற்றல் மிகக் குறைவு. எனினும் அது மட்கியபின் மண்ணில் சேரும் கரிமப்பொருள், கரைந்து திரியும் அலுமினியத்தைப் பிணைத்து அதன் நச்சைத் தணிக்கிறது. ஈரம் காக்காத மணற்பாங்கான செம்மண்ணுக்கு இதுவும் பெரும் உதவியே.

தெற்கே நெய்வேலியில் கடலூர் மணற்கல் அடுக்குகளிலிருந்தே பழுப்பு நிலக்கரி எடுக்கப்படுகிறது. அதை எரிக்கும் அனல்மின் நிலையங்களின் பறக்கும் சாம்பல், பிற மாநிலக் கரிச்சாம்பலைவிடச் சுண்ணாம்பு மிகுந்தது. மண்ணைப் புளிக்கவைத்த பாறை அடுக்கே அதற்கு மாற்றையும் தன்னகத்தே வைத்திருக்கிறது எனலாம். ஆயினும் சாம்பலில் போரானும் சில கன உலோகங்களும் உள்ளமையால், ஆய்ந்து அளவறிந்தே அதைப் பயன்படுத்த வேண்டும்.

பக்குவம் என்னும் பாலம்

கழிவு அப்படியே உரமாவதில்லை. வடிசாலைக் கழிவுநீர் இதற்கு மிகச் சிறந்த சான்று. ஒரு லிட்டர் எரிசாராயம் வடிக்கும்போது எட்டு முதல் பதினைந்து லிட்டர் வரை கழிவுநீர் வெளியேறும். கொதிக்கும் சூட்டோடும் கரும்பழுப்பு நிறத்தோடும் வரும் அதன் பி.எச். ஏறத்தாழ 4. அதை அமிலமண்ணில் பாய்ச்சினால் புண்ணில் புளியைத் தேய்த்தது போலாகும்; ஓடையில் விட்டால் நீரிலுள்ள உயிர்வளியை உறிஞ்சி மீன்களைக் கொன்றுவிடும். அதே நீரைக் காற்றுப் புகாத கலன்களில் அடைத்து, நுண்ணுயிர்களைக் கொண்டு செரிக்கவைத்தால் மீத்தேன் வாயு எரிபொருளாகக் கிடைக்கிறது. கரிம அமிலங்கள் சிதைந்து, வெளிவரும் நீர் நடுநிலையைத் தாண்டி மெல்லிய காரநிலையை அடைகிறது. அதில் சாம்பல் சத்து நிறைந்துள்ளது. அந்நீரைப் பிரஸ்மட் குவியல்களின்மேல் அளவாகத் தெளித்துப் புரட்டி மட்கவைப்பதே கரும்பாலைக் கலப்பு உரம் தயாரிக்கும் முறை. நஞ்சுக்கும் உணவுக்கும் இடையே இங்கு இருப்பது சில வாரச் செரிமானமே.

பிரஸ்மட்டையும் பச்சையாக இடுதல் தகாது. மட்காத சேறு வயலில் சூடேறும். அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாமே உண்டுவிடும். நகரச் சாக்கடைக் கசடுக்கு இன்னும் கடுமையான பக்குவம் தேவை. சுண்ணாம்பு கலந்து அதன் பி.எச். அளவை 12-க்கு உயர்த்தி இரண்டு மணி நேரம் நிறுத்தி, மேலும் 22 மணி நேரம் 11.5-க்குக் குறையாமல் வைத்திருப்பது அமெரிக்க விதிமுறைகள் ஏற்கும் ஒரு வழி. நோய்க்கிருமிகள் ஒடுங்குவதோடு கசடும் சுண்ணாம்பு உரமாகிறது.

நுண்ணுயிர்களால் அழிக்க இயலாதவை கன உலோகங்கள். காட்மியமும் காரீயமும் குரோமியமும் எத்தனை திங்கள் மட்கினாலும் குறைவதில்லை. குவியல் சுருங்கச் சுருங்க அவற்றின் செறிவு மிகவே செய்யும். அமிலமண்ணில் அவற்றுட் பல எளிதில் கரைந்து பயிருக்குள் ஏறும். எனவே, நடுநிலை மண்ணுக்கு ஓரளவு தீங்கு செய்யும் கழிவு, புளித்த மண்ணுக்குப் பன்மடங்கு தீங்கு செய்யும். மருந்து தேடி வரும் நிலமே நஞ்சை விரைவில் ஏற்கும் நிலமாகவும் இருப்பது இத்துறையின் பெரும் இடர்ப்பாடு. நகர மட்கு உரத்தின் ஒரு கிலோவில் காட்மியம் 5 மில்லிகிராமையும் குரோமியம் 50 மில்லிகிராமையும் காரீயம் 100 மில்லிகிராமையும் தாண்டலாகாது என்று இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணை வரையறுத்திருப்பது இதனாலேயே.

வரம்பு மீறினால் என்னாகும் என்பதற்குப் பாலாற்றுப் படுகையே சான்று. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் அப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்தது என்னும் ஆய்வை, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியும் அத்தீர்ப்பில் நிலைபெற்றது. ஈடு பணமாகக் கிடைக்கலாம். குரோமியம் படிந்த மேல்மண்ணை யாரும் திருப்பித் தர இயலாது.

அளவும் இடமும்

ஆகவே ஆய்வு இரண்டு: மண்ணுக்கு ஒன்று, கழிவுக்கு ஒன்று. மண்மாதிரி எடுக்கும்போது வரப்போரம், மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, வயலின் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில எழுத்தான ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். கலந்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கி, அரைக் கிலோ ஆகும்வரை இதனைத் திரும்பச் செய்து நிழலில் உலர்த்த வேண்டும். 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பி.எச். அளவும் குறித்துத் தரப்படுகிறது.

ஒரே பி.எச். அளவுடைய இரு மண்ணுக்கு ஒரே அளவு சுண்ணாம்பு போதும் என்று எண்ணலாகாது. களி மிகுந்த மண் தன் புளிப்பை எளிதில் விடாது. மணற்பாங்கான மண்ணோ சிறிதளவிலேயே மாறிவிடும். பொருளுக்குப் பொருளும் ஆற்றல் வேறுபடும். தூய சுண்ணாம்புக்கல்லின் முறிக்கும் ஆற்றலை 100 எனக் கொண்டால், நீற்றிய சுண்ணாம்புக்கு 135 அளவும், நீற்றாத சுட்ட சுண்ணாம்புக்கு 179 அளவும் ஆகும். கழிவு எதுவாயினும் இந்த எண்ணை ஆய்வகத்தில் அறிந்தபின்பே வயலுக்கு அளவு கணக்கிட முடியும். மிகையாக இட்டால் துத்தநாகமும் இரும்பும் போரானும் பயிருக்குக் கிட்டாமற்போகும். மலைப்பகுதி உருளைக்கிழங்கில் சொறிநோய் பெருகும்.

நிலம் முழுவதும் டன் கணக்கில் பரப்புவது சிறு உழவர்க்கு இயலாத செலவு. ஹெக்டேருக்கு 2 முதல் 4 குவிண்டால் வரை விதைக்கும் சாலில் மட்டும் இட்டால் போதிய பயன் கிடைப்பதை நம் நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. வேரும் காயும் உள்ள இடத்தில் மண் திருந்தினால் போதும் என்பதே இதன் அடிப்படை. நிலக்கடலை விதைக்கும் மயிலத்து உழவர் ஒருவரின் மண்வள அட்டை 5.5-க்குக் குறைவாகக் காட்டுமாயின், ஆய்ந்தறிந்த சுண்ணாம்புக் கசடையோ சாம்பலையோ விதைப்புக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே சாலில் இட்டு, மட்கிய பிரஸ்மட்டைக் கடைசி உழவில் சேர்த்து, மண் அணைக்கும் பருவத்தில் வழக்கமான ஜிப்சத்தை இடலாம். சுண்ணாம்பையும் அம்மோனியம் கலந்த உரத்தையும் ஒரே நேரத்தில் கலந்து இடுதல் கூடாது. தழைச்சத்து அம்மோனியா வாயுவாகக் காற்றோடு போய்விடும். அட்டை 6.5 என்று காட்டினால் சுண்ணாம்புக்கே வேலையில்லை. மட்கு உரமும் ஜிப்சமும் போதும்.

கற்பவை கற்றபின்…

1. முட்டை ஓட்டுத் தூள், விறகுச் சாம்பல், உமிச்சாம்பல் ஆகியவற்றின்மீது தனித்தனியே எலுமிச்சைச் சாறு விட்டு, நுரைத்தெழுதலில் காணும் வேறுபாட்டைக் குறித்து, அதற்கான காரணத்தை எழுதுக.

2. உங்கள் ஊரில் உழவர் ஒருவரின் மண்வள அட்டையைப் பெற்று, அதிலுள்ள பி.எச். அளவுக்கு அவர் பயிரிடும் பயிர் ஏற்றதா என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.

3. ஜிப்சம், சுண்ணாம்பு ஆகிய இரண்டும் கால்சியம் தருவனவாயினும் அமிலமண்ணில் அவை செய்யும் பணி வேறுபடுவதை நிலக்கடலைச் சாகுபடியைச் சான்றாகக் கொண்டு விளக்குக.

4. ‘புளித்த மண்ணுக்குக் கழிவை இடுவதில் கூடுதல் எச்சரிக்கை தேவை’ – பாலாற்றுப் படுகையின் நிலையைக் கொண்டு இக்கூற்றை ஆராய்க.